கலங்கரை பர்கரில் கை நனைத்த வாரம்

ஜூன் 9, திங்கள்

காற்று. காலையிலிருந்து தெரு மண்ணை வாரி வீட்டுக்குள் போடுகிறது. மாடியில் காயப்போட்ட அப்பாவின் வேட்டி பக்கத்து வீட்டு முருங்கையில். தண்ணீர் இன்றும் வரவில்லை.

ஆபீஸ். ஷிப்பிங் பில்லில் ஒரு எடை, கன்டெய்னரில் வேறு எடை. வண்டி துறைமுக கேட்டில் நிற்கிறது, டிரைவர் போனில் கத்துகிறார். தப்பு என்னுடையது இல்லை. திட்டு மட்டும் எனக்கு. நானும் திருப்பிக் கொடுத்தேன். மத்தியானத்துக்குள் சரி பண்ணி உள்ளே அனுப்பியாச்சு. இந்த வேலை எனக்குப் பிடிக்கும். வெளியே சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள்.

சாயங்காலம் சித்தி வந்தாள். அம்மா போனதிலிருந்து அம்மா பேச வேண்டியதையும் சேர்த்து இவளே பேசுகிறாள். ஒரு ஜாதகம் பொருந்தியிருக்கிறதாம். மாப்பிள்ளை பெயரை முழுசாக எழுத விருப்பமில்லை. பி. போதும். பீச் ரோடு பக்கம் பர்கர் கடை. சொந்தக் கடை. ஏசி போட்ட கடை. ஏசியை மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னாள்.

"பொண்ணு பாக்க வீட்டுக்கு வாரோம்னாவ. நாந்தான், மொதல்ல புள்ளைய கடைக்குக் கூட்டிட்டு வாரேன், ரெண்டு பேரும் பேசட்டும்னேன். இப்பம்லாம் அப்படித்தானளா நடக்கு."

அப்பா பேப்பரிலிருந்து தலையை எடுக்கவில்லை. "அங்கன போயி ஒண்ணும் திங்கப்பிடாது."

எங்கள் ஆற்றங்கரை ஊர்களில் அப்படி. சம்பந்தம் முடிவாகும் முன்னால் அடுத்தவர் வீட்டில் காப்பி குடிக்கலாம், சாப்பிடக் கூடாது. சாப்பாட்டில் கை நனைத்தால் சம்மதம் சொன்ன மாதிரி. அப்பா மின்வாரியத்தில் இருந்து ஓய்வு பெற்று, ஊரை விட்டு வந்து எவ்வளவோ காலம். இந்த விஷயத்தில் மட்டும் இன்னும் வரப்பு மேல்தான் நிற்கிறார்.

சித்தி விடவில்லை. "அத்தான், அது கடை, வீடில்ல. பன்னுக்குள்ள கோழிய வச்சுத் தாராவ. சோறா கெடக்கு அங்கன?"

அப்பா பேப்பரை மடித்தார். பெரிய தீர்ப்புதான்.

"சோறு இல்லன்னா சரி."

எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்திருக்கக் கூடாது.

ஜூன் 10, செவ்வாய்

தண்ணீர் வந்தது. எல்லாக் குடமும் நிறைந்தது. அப்பாவுக்குச் சர்க்கரை மாத்திரை வாங்க வேண்டும். முருங்கையிலிருந்து வேட்டியை எடுத்தாச்சு, ஒரு கிழிசல்.

நாளை என்ன உடுத்துவது என்று சித்தி போன். ஆபீஸ் சுடிதார் என்றேன். போனை வைத்துவிட்டாள்.

ஜூன் 11, புதன்

போனேன். சாப்பிட்டேன். எல்லாவற்றையும் எழுதிவிட வேண்டும், இல்லாவிட்டால் தூக்கம் வராது.

மதியம் சாப்பிடவில்லை, கப்பல் கட்-ஆஃப், சரக்கை உள்ளே சேர்க்கக் கடைசி நேரம். நேராக ஆபீஸிலிருந்து. தலை வாரவில்லை, வேண்டுமென்றேதான். சித்தி பட்டுப்புடவையில் கடை வாசலில் நின்றாள். என்னைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

கடை. கண்ணாடிக் கதவு. சுவரில் நங்கூரம், கயிறு, மீன்வலை. புத்தம் புது வலை, ஒரு சாளை மீன் கூட விழுந்திராது. பாட்டுச் சத்தத்தில் பக்கத்தில் இருப்பவர் பேசுவது கேட்கவில்லை. கேஷில் பி.யின் அக்கா. நாற்பது இருக்கும். கால் வீங்கியிருந்தது. செருப்பைக் கழற்றிவிட்டு ஒரு அட்டைப்பெட்டி மேல் காலைத் தூக்கி வைத்திருந்தாள். என்னைப் பார்த்து மனசாரச் சிரித்தாள். அந்தக் கடையில் எனக்குப் பிடித்தது அந்தச் சிரிப்பு ஒன்றுதான்.

பி. வந்தான். சென்ட் முதலில், ஆள் பின்னால். மெனுவைக் காட்டவில்லை.

"நீங்க ஒண்ணும் பாக்காண்டாம். நம்ம கடையில ரெண்டு சிக்னேச்சர் ஐட்டம். அதச் சாப்பிட்டாத்தான் நான் யாருன்னு தெரியும்."

தெரிந்தது.

ஐட்டம் ஒன்று, கலங்கரை பர்கர். கலங்கரை விளக்கமாம். மூன்று மாடி. நடுவில் மூங்கில் குச்சி, உச்சியில் காகிதக் கொடி. பன்னில் இனிப்பு. கோழி மேலே மொறுமொறு, உள்ளே பஞ்சு. அதற்கு மேல் ஆம்லெட், சீஸ், வழிய வழிய மயோனைஸ், திரும்பவும் பன், திரும்பவும் கோழி. இதையெல்லாம்கூட மன்னித்துவிடலாம். மேலே எங்கள் ஊர் முந்திரி மக்ரூனை நொறுக்கித் தூவியிருக்கிறான். மக்ரூனை. "தூத்துக்குடி டச்" என்றான். மக்ரூனைத் தனியாக வாயில் போட்டால் கரையும். மயோனைஸில் போட்டால் களிம்பு. முந்திரியும் பூண்டும் மிளகுத் தூளும் சீனியும் ஒரே வாயில். இந்த ஊரில் பிறந்தவன் செய்கிற காரியமா இது? பக்கத்துத் தெருவில் பொரிச்ச பரோட்டாவும் சால்னாவும் கிடைக்கிற ஊர்.

ஐட்டம் இரண்டு, குடிக்கிறது. பெயர் முத்துக்குளி. கைப்பிடி வைத்த கண்ணாடி ஜாடி. வெள்ளை வேட்டிக்குச் சொட்டு நீலம் போட்ட தண்ணீர் மாதிரி ஒரு நிறம். அடியில் ஜவ்வரிசி, அதுதான் முத்து. தடிமனான ஸ்ட்ரா. உறிஞ்சினால் முதலில் ஒன்றும் வராது, பிறகு சீனிப்பாகு, பிறகு தொண்டைக்குழியில் நேராக ஜவ்வரிசி. இருமினேன்.

"முத்து எடுத்துட்டீங்க," என்று சிரித்தான். பக்கத்து மேஜைக்காரர் இருமினபோதும் போய் அதையே சொன்னான்.

பிளாஸ்டிக் கையுறை கொடுத்தார்கள். பர்கருக்குக் கையுறை. நான் போடவில்லை. பன்னைப் பரோட்டா மாதிரி பிய்த்தேன், மூன்று மாடி வாய்க்குள் எப்படிப் போகும்?

"அப்படிப் பிய்க்கப்பிடாதுங்க. அமுக்கிப் பிடிச்சு ஒரே கடி."

சாப்பிடச் சொல்லிக்கொடுக்கிறான். முப்பத்தொரு வயசு எனக்கு. கோபம் வந்தால் நான் வேகமாகச் சாப்பிடுவேன், பசி வேறு. அவன் பேசப் பேச நான் தின்றேன். இடையில் போனை எடுத்து ஒரு போட்டோ. "ரிவியூக்குங்க." வாயில் பாதி பன் இருந்ததால் வேண்டாம் என்று சொல்ல முடியவில்லை. சர்வரைப் பெயர் சொல்லி அவன் கூப்பிடவில்லை, சொடக்குத்தான். மாமனார் வயது அந்த மனுஷருக்கு.

அப்புறம்தான் விஷயத்துக்கு வந்தான்.

"கேஷ்ல அக்கா இருக்கா. அத்தான் மஸ்கட்ல, அவ அங்கன போணும்னு ரொம்ப நாளா கேக்கா. வெளியாள நம்பி கல்லாவுல உக்கார வைக்க முடியுமா சொல்லுங்க? கல்யாணம் ஆச்சுன்னா நீங்க பாத்துக்கிடலாம். உங்களுக்குக் கணக்கு, கம்ப்யூட்டர்லாம் தெரியும்லா."

"எனக்கு வேலை இருக்கே."

"அத விட்டுரலாம்."

காற்று அடிக்கிறது, ஜன்னலைச் சாத்திரலாம் என்பது போலச் சொன்னான்.

சித்தி உருளைக்கிழங்கு வறுவல் மட்டும் தின்றாள். ஃப்ரைஸ் என்று அவள் வாயால் கேட்க நன்றாக இருந்தது. கிளம்பும்போது பர்ஸை எடுத்தேன். அக்கா கையைப் பிடித்துக்கொண்டாள். "நம்ம கடையில போயி." பின்னால் ஆள் நின்றது, வந்துவிட்டேன். என் தட்டில் கொடி மட்டும் மிச்சம்.

வயிறு இன்னும் கனக்கிறது. அவன் வேண்டாம். இந்தச் சம்பந்தம் வேண்டாம். சித்தியிடம் பஸ் ஸ்டாப்பிலேயே சொல்லிவிட்டேன். "ரெண்டு நாள் போட்டும்" என்றாள்.

ஜூன் 12, வியாழன்

ரெண்டு நாள் போகவில்லை. காலையிலேயே பி.யின் அம்மா சித்திக்குப் போன். சித்தி மூச்சு வாங்க ஓடி வந்தாள்.

"புள்ள மிச்சமில்லாம வயிறார சாப்பிட்டாளாம். அவுக சொல்லுதாவ, நம்ம எடத்துல கை நனைச்சாச்சு, இனி என்ன பேச்சு, ஆடி பொறக்கதுக்குள்ள பூ வச்சுருவோங்காவ."

"அது கடை, வீடில்லன்னு நீங்கதான சொன்னீங்க?"

"கடை மாடியிலதான் அவுக வீடாம்ளா. எனக்கு எங்கன தெரியும்?"

நல்ல விசாரணை. மாப்பிள்ளை வீட்டு ஏசி தெரியும், வீடு எங்கே என்று தெரியாது.

அப்பா முகத்தைப் பார்த்தேன். முருங்கைக்காயை நறுக்கிக்கொண்டிருந்தவர் கத்தியைக் கீழே வைத்தார். "நான் அன்னைக்கே சொன்னேன்," என்றார்.

"சோறு இல்லன்னா சரின்னும் சொன்னீங்கப்பா."

"வயிறு நெறைஞ்சுதா இல்லையா?"

நிறைந்துதான் இருந்தது. சனியன் பிடித்த பர்கர்.

ஆபீஸில் அடுத்த அடி. பக்கத்து சீட் ஜெசிந்தா போனை நீட்டுகிறாள். கடையின் இன்ஸ்டா பக்கம். நான். வாய் நிறையப் பன், கன்னத்தில் மயோனைஸ், கண் பாதி மூடி. கீழே: 'நம்ம வீட்டுக்கு வரப்போற மகாலட்சுமி, கலங்கரையையே கவுத்துட்டாங்க.' பக்கத்தில் இதயம், தீ, பர்கர் படம்.

"ஏளா சங்கரி, எங்கிட்ட சொல்லவே இல்ல பாத்தியா."

மேனேஜர் கைகொடுத்தார். எப்போது ராஜினாமா என்று கேட்டார். கேட்டதோடு நில்லாமல், அந்த சீட்டுக்கு அவர் மச்சினிச்சி மகள் இருக்கிறாளாம். எல்லாரையும் வெறுக்கிறேன். இன்றைக்கு விதிவிலக்கே கிடையாது.

பி.க்கு மெசேஜ்: போட்டோவை எடுங்கள். பதில்: சிரிக்கிற பொம்மை ஒன்று.

ஜூன் 13, வெள்ளி

காற்று குறையவில்லை. கண்ணில் மண்.

அப்பாவோடு சண்டை. நான் எழுதுவது என் பக்கம் மட்டும்தான், இருந்தாலும் அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"அவன் கெட்டவனா? குடிக்கானா?"

"இல்ல."

"பொறவு?"

"என்னை வேலைய விடச் சொல்லுதான். கல்லாவுக்கு ஆள் தேடுதான்ப்பா, பொண்டாட்டிய இல்ல."

"அத அங்கனயே எந்திரிச்சு சொல்லிருக்கணும். தின்னு முடிச்சுட்டு வந்து சொல்லப்பிடாது. தின்னுட்டுக் கையக் கழுவிட்டுப் போற குடும்பம்னு நாக்கு மேல பல்லப் போட்டுப் பேசுவானுவோ. என்னைய இதுவரைக்கும் ஒருத்தன் ஒரு சொல்லு சொன்னதில்ல."

"அப்பம் ஒரு பர்கருக்காக நான் போணுமா?"

"ஏட்டி, பேசாத."

பேசவில்லை. இட்லியைத் தட்டில் வைத்து மேஜையில் தட்டென்று வைத்தேன். சத்தம் தேவைக்கு மேலேதான். மாத்திரை டப்பாவையும் அப்படியே. அவர் இட்லியைப் பார்த்துக்கொண்டே இருந்தார். எனக்குப் பாவமாக இல்லை. கொஞ்சம் இருந்தது. அதை நினைத்து இன்னும் கோபம்.

உண்மையைச் சொன்னால் பயமாக இருக்கிறது. அப்பா சொன்ன சொல்லை மாற்றுகிறவர் இல்லை. ஞாயிற்றுக்கிழமை போய்ப் பேசப்போகிறாராம். என்ன பேசப்போகிறார் என்று சித்தியிடமும் சொல்லவில்லை. நாள் குறித்துவிட்டு வந்தால் நான் என்ன செய்வேன்? மூட்டை கட்டி எங்கே போவேன்? ஹாஸ்டலா? அப்பாவுக்கு யார் மாத்திரை எடுத்துக் கொடுப்பது?

வாங்க: சோப்பு, பல்பு, அப்பாவின் கண்ணாடிக்கு ஸ்க்ரூ.

ஜூன் 14, சனி

அவர் போவதற்கு முன்னால் நானே போய்ச் சொல்லிவிடுவது என்று முடிவு. அரை நாள் ஆபீஸ் முடிந்து நேராகக் கடை. பி. அடுப்பங்கரைப் பக்கமிருந்து வந்தான், கை துடைத்தபடி. "உக்காருங்க, ஒரு முத்துக்குளி சொல்லுதேன்."

"ஒண்ணும் வேண்டாம். தண்ணியும் வேண்டாம். எனக்கு இதுல விருப்பம் இல்லங்க. அதச் சொல்லத்தான் வந்தேன். போட்டோவ எடுத்துருங்க."

சிரித்தான். முதலில் நம்பவில்லை. பிறகு குரல் மாறியது.

"ஷிப்பிங் ஆபீஸ்ல லாரிக்காரன்கிட்ட போன்ல கத்திட்டுக் கெடக்கதுக்கு, இங்கன ஏசியில ராணி மாதிரி உக்காரலாம். அதுல உங்களுக்கு என்ன கொறைச்சல்?"

"எனக்கு லாரிக்காரங்ககிட்ட கத்ததுதான் பிடிச்சிருக்கு."

"அப்பம் எதுக்குச் சாப்பிட்டீங்க?"

"பசிச்சுது."

"நல்லாருந்துச்சா இல்லையா?"

இது ஒன்றுதான் அவனுக்கு உண்மையாகவே தெரிய வேண்டியிருந்தது. முகத்தில் தெரிந்தது. இதற்காவது பொய் சொல்லியிருக்கலாம். பொதுவாக நான் அவ்வளவு கொடுமைக்காரி இல்லை.

"மக்ரூன எடுத்துருங்க. பன்னுல சீனியக் கொறைங்க. அந்த நீலத் தண்ணிய நிறுத்திருங்க, யாராவது சாவப்போறாங்க."

"வெளிய போங்க."

போனேன். கதவருகில் அக்கா. கால் இன்றைக்கும் அட்டைப்பெட்டி மேல். எல்லாம் காதில் விழுந்திருக்கிறது.

"எனக்கு உம்மேல கோவம் இல்லம்மா," என்றாள். "ஒன்னையப் பாத்ததும் டிக்கெட்டு போட்டுரலாம்னு மஸ்கட்டுல அவுக கிட்டச் சொல்லிட்டேன். இனி இன்னும் எத்தன வருசமோ."

அவள் அழவில்லை. ஒருத்தருக்குச் சில்லறை எண்ணிக் கொடுத்துக்கொண்டே சொன்னாள். நான் உட்காராவிட்டால் அவள் எழுந்திருக்க முடியாது என்று வைத்திருக்கிறான். அவன் மேல் இருந்த கோபம் இரண்டு பங்கு ஆனது. அக்காவிடம் "போயிட்டு வாரேன்" என்றேன். எங்கே வரப்போகிறேன்.

வீட்டுக்கு வருவதற்குள் செய்தி வந்துவிட்டது. பி.யின் அம்மா சித்திக்கு, சித்தி அப்பாவுக்கு. அப்பா வாசலில் நின்றார்.

"ஒன்னைய யாரு போகச் சொன்னா? பெரியவன்னு ஒருத்தன் இருக்கேன்லா?"

உள்ளே போய்க் கதவைச் சாத்தினேன். சாப்பிடவில்லை. அவர் என்ன சாப்பிட்டார் என்றும் கேட்கவில்லை.

ஜூன் 15, ஞாயிறு

மீன்பிடித் தடைக்காலம் முடிந்ததாம். இன்று ஞாயிறு, கடலுக்குப் போகமாட்டார்கள், நாளைதான் படகுகள் போகும். பக்கத்து வீட்டுக்காரர் சைக்கிளில் ஐஸ்பெட்டியைக் கட்டிக்கொண்டிருந்தார், ஊளி மீன் விலை குறையும் என்றார். குறையட்டும்.

அப்பா காலையில் முழுக்கை வெள்ளைச் சட்டை போட்டார். கிழிந்த வேட்டியைத் தைத்துக் கட்டியிருந்தார். அவரே தைத்தது, கோணல். இட்லி வேண்டாம் என்றார். மாத்திரை போட்டுக்கொண்டார். "வெறும் வயித்துல போடாதீங்க" என்று வாய் வரை வந்தது. அவர் பேசாதபோது நான் ஏன் பேச வேண்டும்?

சித்தியும் கூடப் போனாள். ஆட்டோவில் ஏறும்போது என்னைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினாள். அவளுக்கும் தெரியவில்லை.

ஒரு வேலையும் ஓடவில்லை. துணி ஊற வைத்தேன், துவைக்கவில்லை. இன்ஸ்டா பார்த்தேன், போட்டோ இன்னும் இருக்கிறது, இருநூறு பேருக்கு என் கன்னத்து மயோனைஸ் பிடித்திருக்கிறது. அவன் சொன்னால் கேட்கிற ஆள் இல்லை. அப்பாவும் இல்லை. இரண்டு பேரும் சேர்ந்து உட்கார்ந்து நாள் பார்த்துக்கொண்டிருப்பார்கள் என்று நினைக்க நினைக்க ஆத்திரம். யார் என்ன சொன்னாலும் போகமாட்டேன் என்று சத்தமாகச் சொல்லிப் பார்த்தேன். யாரும் இல்லாத வீட்டில் நன்றாகத்தான் கேட்டது. சோறு வடித்தேன். எதற்கு என்று தெரியவில்லை, கை பழக்கம்.

மத்தியானம் தாண்டி ஆட்டோ சத்தம். அப்பா நேராகப் புறவாசலுக்குப் போனார், கால் கழுவ. சித்தி அடுப்படிக்கு வந்து கதவை ஒருக்களித்துச் சாத்தினாள்.

"போய் உக்காந்ததும் தட்டுல அந்த மூணு மாடிய வச்சுட்டா அந்த அம்மா. மொதல்ல சாப்பிடுங்க சம்பந்தி, பொறவு பேசுவோம்னா. அத்தான் தட்டத் தள்ளி வச்சுட்டாவளா. எம்பிள்ளைக்கு இஷ்டமில்ல, சாப்பிட விட்டது என் தப்பு, ஏசணும்னா என்னைய ஏசுங்கன்னுட்டாவ."

"ஏசினாவளா?"

"ஏச்சுன்னா அப்படி ஒரு ஏச்சு. பொட்டப்பிள்ளைய வளக்கத் தெரியாதவன், ஓசியில தின்ன வந்த கூட்டம்... அந்தப் பய சும்மா நின்னு கேட்டுக்கிட்டு நிக்கான். கடை நெறைய ஆளு. இவுக தலையக் குனிஞ்சு உக்காந்துருக்காவ. எல்லாத்தையும் கேட்டு முடிச்சுட்டுத்தான் எந்திரிச்சாவ. நான் தண்ணியாவது குடிங்க அத்தான்னேன். அங்கன வேண்டாம்னுட்டாவ. வர வழியில கையெல்லாம் நடுங்குது. ஒரு கடையில நிறுத்தி டீ குடிப்போம்னா அதுக்கும் மாட்டேங்காவ."

சித்தி முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். "நானும் ஃப்ரைஸத் தொடலளா."

அப்பா உள்ளே வந்தார். சட்டை முதுகு நனைந்து ஒட்டியிருந்தது. என்னைப் பார்க்கவில்லை. மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"சோறு இருக்கா?"

"இருக்குப்பா. குழம்புதான் நேத்துள்ளது."

"வை."

வைத்தேன். நான் பக்கத்திலேயே நின்றேன். இன்னும் கோபம்தான். தட்டு காலியானதும் நிமிராமல் என் பக்கம் தள்ளினார். இன்னும் கொஞ்சம் வைத்தேன்.